வளையலுக்குக் கட்டுப் போட்ட நாள்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பம்பாயில் பஸ் வரச் சற்று நேரமானால் மாதுங்காவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே கிளம்பிவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் போய் மாட்டிக்கொண்ட வேலையைப் பாருங்கள். மூளைக் காய்ச்சலிலோ வலிப்பிலோ பார்வை போன குழந்தைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, இன்றைக்குத் திரும்பிப் பார்க்குமா, நாளைக்குப் பார்க்குமா என்று காத்திருப்பது. என் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது நீங்கள் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். மூளையையே படம் பிடித்துக் காட்டுகிற மெஷின் உங்களிடம் இருக்கிறது. அறுபதுகளில் எங்களிடம் ஒரு டார்ச், ஒரு சிவப்பு உல்லன் பந்து, இரண்டு கண், அவ்வளவுதான். மெஷினைப் பற்றிச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள், அதில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. ஒரு குழந்தையைப் பற்றி 'இனி பார்வை வராது' என்று எழுதச் சொல்லி நாலு பேர் தலைமேல் நிற்கும்போது என்ன செய்வது? அதைத்தான் சொல்ல வந்தேன். அது எந்த மெஷினிலும் வராது.

அப்போது நான் கண் டிபார்ட்மெண்டில் ஜூனியர் டாக்டர். எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தாராவியிலிருந்து நிறைய தமிழ்க் குடும்பங்கள் வரும். தமிழ் பேசத் தெரிந்த டாக்டர் நான் ஒருத்திதான் என்பதால் அவர்கள் எல்லோரும் என் மேஜைக்கே வந்து சேர்வார்கள். கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத வியாதிக்கும் என்னிடம்தான் வருவார்கள். "பல்லு வலிக்குது டாக்டரம்மா" என்று வந்து நிற்பவரை என்ன செய்ய முடியும்? திட்டிக்கொண்டே அழைத்துப் போய் விட்டுவிட்டு வருவேன்.

அப்படித்தான் பேச்சி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அப்பா சுடலைமுத்துவுக்குத் தாராவியில் தோல் பட்டறையில் வேலை. அம்மா பெயர் வள்ளி. பேச்சிக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. மூளைக் காய்ச்சல் வந்து எங்கள் குழந்தைகள் வார்டில் வெகுநாள் கிடந்து, பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிழைத்த பிள்ளை. பேச்சு திரும்பி வந்தது. கையைப் பிடித்தால் நடந்தாள். பார்வை மட்டும் வரவில்லை.

கண் நல்ல கண்தான். உள்ளே பார்த்தால் நரம்பு, திரை எல்லாம் சுத்தமாக இருந்தது. டார்ச் அடித்தால் கண்மணி ஒழுங்காகச் சுருங்கியது. ஆனாலும் பிள்ளை பார்க்கவில்லை. தபால் சரியாக வீட்டுக்கு வந்து சேருகிறது, பிரித்துப் படிக்க வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார், அந்த மாதிரி நிலைமை. படுத்தவர் எழுந்திருப்பாரா, எப்போது எழுந்திருப்பார், எவ்வளவு தூரம் எழுந்திருப்பார் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு உங்களால் மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடிகிறதா என்ன?

சுடலைமுத்து வந்தது வைத்தியத்துக்கு இல்லை. புனா பக்கம் பார்வையில்லாத குழந்தைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் ஒரே ஒரு இடம் காலியாகியிருந்தது. பட்டறை முதலாளி யார் யாரையோ பிடித்து அதைப் பேச்சிக்காகச் சொல்லி வைத்திருந்தார். சனிக்கிழமைக்குள் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். 'பார்வை இல்லை, திரும்பவும் வழியில்லை' என்று இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அவர் வந்து நின்றது வியாழக்கிழமை.

"அங்கன படிப்புச் சொல்லிக் குடுக்காவளாம், டாக்டரம்மா. வெரலால தடவித் தடவிப் படிக்குமாம் பிள்ளைய. எங்க காலத்துக்குப் பெறவு இவ யாரு கையையும் பாத்துக்கிட்டு நிக்காண்டாம்லா" என்றார்.

அவர் பிள்ளையைத் தள்ளிவிடப் பார்க்கிற அப்பா இல்லை. அதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மனைவிக்கு எட்டாம் மாதம். இருப்பது ஒரு கோலி, அதாவது சால் என்கிற வரிசை வீட்டுக் கட்டடத்தில் ஒற்றை அறை. வரப்போகும் குழந்தையையும் கண் தெரியாத குழந்தையையும் ஒருத்தியே எப்படிப் பார்ப்பாள்? அவர் யோசித்தது நியாயமான யோசனைதான்.

ஆனால் வள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. "எம்பிள்ளைக்குக் கண்ணு தெரியுது. நான் கிட்டத்துல போனா திரும்புதா. சத்தியமாத் திரும்புதா. இவிய நம்ப மாட்டேங்காவ" என்று புருஷனைக் கை காட்டினாள்.

எங்கள் துறைத் தலைவர் மராட்டிக்காரர். பேச்சு குறைவு, வேலை சுத்தம், தப்புக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் வள்ளி சொன்னதை மொழிபெயர்த்ததும், "காட்டச் சொல்" என்றார். பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்தோம். வள்ளி பக்கவாட்டில் போய் நின்று கையை நீட்டினாள். பேச்சி பட்டென்று திரும்பினாள். வள்ளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் தூக்கிவாரிப் போட்டது.

தலைவர் சிரிக்கவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். வள்ளியின் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரை கண்ணாடி வளையல். ஊருக்குப் போய்ப் பிரசவம் பார்க்க வழியில்லாததால் சாலில் இருந்த பெண்களே சேர்ந்து போன மாதம் அவளுக்கு வளைகாப்பு நடத்தியிருந்தார்கள். ஆளாளுக்குப் போட்டுவிட்டதில் கை நிறைந்துவிட்டது. அவள் விரலை அசைத்தாலே வளைகாப்பு வீடு மாதிரி கலகலக்கும். பார்வை போன பிள்ளைக்குக் காது கூர்மையாகிவிடும். பேச்சி திரும்பியது சத்தத்துக்கு.

"வளையலைக் கழற்றச் சொல். கழற்றிவிட்டுக் காட்டட்டும்" என்றார் தலைவர்.

வள்ளி ஒரு அடி பின்னால் போய்விட்டாள். "என்னத்தச் சொல்லுதிய? வளைகாப்பு வளையல பேறு முடியாமக் கழத்துவாவளா? வயித்துல ஒண்ணு இருக்கு. அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? முடியவே முடியாது."

தலைவருக்குத் தமிழ் தெரியாது. முகம் தெரியுமில்லையா? "பார், கழற்றினால் குட்டு உடைந்துவிடும் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. பாவம். சர்டிபிகேட்டை எழுதிக் கொடுத்து அனுப்பு. வெளியே கூட்டம் நிற்கிறது" என்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில், இது பயம் இல்லை, எங்கள் வழக்கம், உங்கள் வீட்டிலும் கர்ப்பிணிக்குப் பச்சை வளையல் போடுகிறீர்கள், அதைப் பிரசவத்துக்கு முன்னால் கழற்றச் சொல்லிப் பாருங்கள் என்று படபடவென்று சொல்லிவிட்டேன். ஜூனியர் அப்படிப் பேசுகிற காலம் இல்லை அது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி, கழற்றாமல் சத்தத்தை நிறுத்து பார்ப்போம்" என்றார்.

கோபத்தில் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, வழி அதில்தான் இருந்தது. வார்டு ஆயாவைப் பம்பாயில் மாவ்ஷி என்று கூப்பிடுவோம். எங்கள் மாவ்ஷியை அனுப்பி எலும்பு டிபார்ட்மெண்டிலிருந்து பஞ்சும் பாண்டேஜும் கொண்டுவரச் சொன்னேன். வளையல்களுக்கு நடுவே பஞ்சை வைத்து, மேலே பாண்டேஜைச் சுற்றினேன். ஒரு வளையல் விரிசல் விட்டாலும் வள்ளி எழுந்து போய்விடுவாள், அவள் போனால் பிள்ளையும் போய்விடும். அந்த நாள் வரை நான் எந்த ஆபரேஷனிலும் அவ்வளவு பயந்து பயந்து கை வைத்ததில்லை. சுற்றி முடித்தபோது அவள் இரண்டு கையும் தலையணை மாதிரி வெள்ளையாகப் பருத்துவிட்டது. மாவ்ஷி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வள்ளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையை ஆட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

பேச்சியைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்தோம். வள்ளி முன்பு நின்ற இடத்திலேயே போய் நின்றாள், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. பேச்சி திரும்பவில்லை. வேறு எங்கோ, விட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் காத்திருந்தோம். அவள் திரும்பவேயில்லை.

"ஜாலா" என்றார் தலைவர். முடிந்தது என்று அர்த்தம். மேஜைக்குப் போய்விட்டார்.

வள்ளியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. "அப்பம் இத்தன நாளும் வளையச் சத்தத்துக்குத்தானா திரும்புனா?" என்றாள். பிறகு அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழவில்லை. கண்ணைத் துடைக்க அந்தப் பருத்த வெள்ளைக் கையைத் தூக்கினாள்.

பேச்சி திரும்பினாள்.

நான் பார்த்தேன். தலை மட்டும் இல்லை, கண்ணும் திரும்பியது. கை மேலே போனபோது கண்ணும் மேலே போனது. கை நின்றதும் கண் தேடிவிட்டுத் தொலைத்துவிட்டது. "வள்ளி, பேசாதே. மறுபடியும் கையைத் தூக்கு, மெதுவா, பக்கவாட்டுல" என்று சைகை காட்டினேன். தூக்கினாள். பேச்சி திரும்பினாள். வள்ளி இந்தப் பக்கம் வந்து தூக்கினாள். கொஞ்சம் தாமதித்துப் பேச்சி இந்தப் பக்கமும் திரும்பினாள்.

இப்போது உங்களுக்கு இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மூளை அடிபட்ட குழந்தைக்கு அசைகிற பொருள்தான் முதலில் தெரியவரும், நிற்கிற பொருள் பிறகுதான் வரும். அன்றைக்கு எனக்கு அது பாதிதான் தெரியும். அம்மா கல்லாக நின்றபோது பிள்ளை அவளைப் பார்க்கவில்லை, அசைந்தபோது பார்த்தது. அதை என் கண்ணால் பார்த்தேன் என்பது மட்டும்தான் என் கையில் இருந்தது.

தலைவரை ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவர் வந்து நின்றதும் நடந்ததைக் கேளுங்கள். வள்ளி கையைத் தூக்கினாள், பேச்சி திரும்பவில்லை. மறுபடி தூக்கினாள், இல்லை. பிள்ளைக்குக் களைத்துவிட்டது. சிணுங்க ஆரம்பித்தாள், கண்ணைக் கசக்கினாள், அம்மா மடிக்குத் தாவினாள். அந்த நேரம் பார்த்து வெளியே நின்ற சுடலைமுத்துவும் உள்ளே வந்துவிட்டார். பெண்டாட்டி இரண்டு கையிலும் கட்டோடு நிற்கிறாள், பிள்ளை அழுகிறது, டாக்டரம்மா கையை ஆட்டு ஆட்டு என்கிறாள். அவர் என்ன நினைத்திருப்பார்? பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றுதான்.

"நான் திரும்பினதைப் பார்த்தேன்" என்றேன் தலைவரிடம். "நீ பார்க்க ஆசைப்பட்டாய். கை வீசின காற்று பட்டிருக்கும். அம்மாவின் வாசனை போதும் குழந்தைக்கு" என்றார். எரிச்சலாக இருந்தது, ஆனாலும் சரியான கேள்வி. நம்முடைய வேலையில் ஆசை கண்ணை மறைக்கும். பெற்றவர்களுக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். உங்களைச் சந்தேகப்படுகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவரைக் கொண்டாடுங்கள். நான் அன்றைக்குக் கொண்டாடவில்லை, மனதுக்குள் திட்டினேன். அது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் பார்க்கலாம், பிள்ளை தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும்போது, ஓ.பி.டி. கூட்டம் வருவதற்கு முன்னால் என்று கெஞ்சினேன். காற்றும் வாசனையும்தானே சந்தேகம்? எங்கள் லெக்சர் ஹாலுக்கு வராந்தாப் பக்கம் கண்ணாடிக் கதவு உண்டு. பேச்சியும் வள்ளியும் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருக்கட்டும். கண்ணாடிக்கு வெளியே வேறு ஆள் நின்று கையை ஆட்டட்டும். தலைவர் ஒத்துக்கொண்டார். வெளியே நிற்கப் போவது யார் என்று அவர் கேட்டபோது நான் சுடலைமுத்துவைக் காட்டினேன். வேறு யார் பார்த்துச் சொன்னாலும் அந்த மனுஷன் நம்பப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வெள்ளைப் பாண்டேஜ் சுற்றினேன். "இது என்ன கூத்து" என்று முனகினார். வராந்தாவில் வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பேச்சி அம்மா மடியில் கதவைப் பார்த்தபடி. நானும் தலைவரும் பக்கத்தில். யாரும் பேசக் கூடாது.

சுடலைமுத்து கையைத் தூக்கி அசைத்தார். ஒன்றுமில்லை. எனக்குக் கதவைத் திறந்து "அவசரமில்லை, மெதுவா, விடாம ஆட்டுங்க" என்று கத்தலாம் போல இருந்தது. கத்தவில்லை. நானும் பொறுமையாக இருந்த ஒரே நாள் அதுதான். பேச்சி கொஞ்ச நேரம் விட்டத்துப் பக்கம் முகத்தை வைத்திருந்தாள், அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள், பிறகு மெல்ல மெல்லத் தலை அந்தக் கண்ணாடிப் பக்கம் வந்தது. கை இடது பக்கம் போனது, கண்ணும் போனது. வலது பக்கம் போனது, கண்ணும் வந்தது. அவர் நம்பாமல் கையை இறக்கிவிட்டு நாலு தப்படி தள்ளிப் போய் மறுபடி தூக்கினார். பேச்சி அங்கேயும் தேடிப் பிடித்தாள்.

சுடலைமுத்து வராந்தாவிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். கட்டுப் போட்ட கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

இதோடு கதை முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், இந்த வேலை உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். கஷ்டமே இனிமேல்தான்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கேட்ட முதல் கேள்வி, "அப்பம் முழுக்கக் கண்ணு வந்துருமா?" என்பது. தெரியாது என்றேன். வேறு என்ன சொல்ல? "பள்ளிக்கூடம் போய்ப் படிக்கும்படியா வருமா?" தெரியாது. "எப்பம் தெரியும்?" அதுவும் தெரியாது. ஒவ்வொரு தெரியாதுக்கும் அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பார்க்கிறாள், ஒத்துக்கொள்கிறேன். கை ஆடுவது தெரிகிற பார்வையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? பார்வை இதோடு நின்றுவிட்டால்? அந்த இடம் இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு இருக்காது. சந்தேகம் இருந்தால் குழந்தைக்கு நிச்சயமாகக் கிடைப்பதைக் கெடுக்காதே" என்றார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனால்தான் அதை மீறுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

நான் யோசித்தது இவ்வளவுதான். அங்கே போனால் பேச்சி கண் இல்லாத பிள்ளையாகவே வளர்வாள். விரலுக்கும் காதுக்கும் வேலை கொடுப்பார்கள், கண்ணுக்கு ஒருவரும் கொடுக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். இந்த வயதில் வேலை கொடுக்காத பார்வை அப்படியே படுத்துவிடும். போன பிறகு திரும்பி வந்து எழுப்புவது என்பது பெரிய பாடு. தவிர, 'திரும்ப வழியில்லை' என்று நான் எழுதினால் அது பொய். கண்ணெதிரே திரும்பிக்கொண்டிருக்கிறதே! 'கொஞ்சம் பார்வை இருக்கிறது, வளருமா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த விடுதிப் பள்ளிக்கு டிரங்க் கால் போட்டுப் பேசினோம். இடத்தைக் கொஞ்ச நாள் வைத்திருக்க முடியுமா என்று கேட்டோம். முடியாது, வேறு குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். இடம் போய்விட்டது.

சுடலைமுத்துவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாளைக்கு இவளுக்குக் கண்ணு வரலைன்னா நீங்க வச்சிக்கிடுவியளா, டாக்டரம்மா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி உங்களிடமும் ஒரு நாள் வரும். அப்போது தப்பிக்கப் பார்க்காதீர்கள். "வச்சுக்க மாட்டேன். ஆனா இவ கண்ணை நான் விட மாட்டேன். வாரா வாரம் கூட்டிட்டு வாங்க. வரலைன்னா நானே தாராவிக்கு வருவேன்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் வந்தார். வள்ளிக்கு ஆண் குழந்தை பிறந்த பிறகு அவள் வர முடியாத வாரங்களில், ஷிப்ட் முடிந்து அவரே பேச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னோடு பேச மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், சட்டைக் கையை மடக்காமல், கையைக் கட்டிக்கொண்டு.

வெகுநாள் ஒரு முன்னேற்றமும் இல்லை. பயந்துதான் போனேன். மாதுங்காவில் காய்கறி வாங்கும்போதுகூட 'ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டேனோ' என்ற எண்ணம் வந்து நிற்கும். வேறு பள்ளியில் இடம் இருக்கிறதா என்று ரகசியமாக விசாரித்தேன். இல்லை என்றார்கள்.

ஒரு நாள் சொன்னபடியே தாராவிக்குப் போனேன். பார்த்த உடனே புரிந்தது. ஒரே அறையில் பாத்திரம், துணி, படம், தொட்டில், காலண்டர், கொடியில் பூப்போட்ட புடவைகள். நம் கண்ணுக்கே எதை எடுப்பது என்று தெரியாது, அந்தப் பிள்ளைக்கு எங்கே தெரியும்? போதாததற்குப் பாசம் வேறு. அவள் கையை நீட்டுவதற்குள் தண்ணீர் கைக்கு வந்துவிடும். யாராவது உள்ளே வந்தால் "பேச்சி, நான்தான் வாரேன்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். கண்ணுக்கு வேலை வைக்கவே இல்லை. ஒரு மூலையைக் காலி பண்ணச் சொல்லி, சுவரில் கறுப்புக் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டேன். தினமும் கொஞ்ச நேரம் அதற்கு முன்னால் ஒரே ஒரு பொருள். மஞ்சள் டம்ளர், இல்லை சிவப்புப் பந்து. அசைத்துக் காட்டுங்கள், பேசாதீர்கள், கையில் திணிக்காதீர்கள், அவளே தேடட்டும், களைத்தால் விட்டுவிடுங்கள். இவ்வளவுதான் என் வைத்தியம். வள்ளி தலையை ஆட்டினாள். சுடலைமுத்து கம்பளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு துண்டு துண்டாக வந்தது. முதலில் ஆடுகிற மஞ்சள் டம்ளர், பிறகு நிற்கிற டம்ளர். தொட்டிலில் தம்பி காலை உதைப்பதைப் பார்த்துச் சிரித்தாளாம். ஒரு நாள் நன்றாகத் தெரியும், மறுநாள் ஒன்றுமே தெரியாது. அக்கம்பக்கத்தில் 'நடிக்கிறாள்' என்றுகூடச் சொன்னார்கள். வள்ளி அவர்களோடு சண்டைக்குப் போய்விட்டாள், எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். எல்லாமும் திரும்பி வரவில்லை. கூட்டத்தில் அம்மாவைத் தேடிக் கண்டுபிடிக்க அவளுக்குக் கடைசிவரை கஷ்டம்தான். குவியலில் தன் செருப்பு எது என்று தெரியாது. பக்கம் நிறைய எழுத்து இருந்தால் குழம்பிவிடுவாள், ஸ்லேட்டில் பெரிதாக ஒரு வரி எழுதினால் படிப்பாள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு டீச்சர் ஒத்துக்கொண்டார். அது போதுமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது.

பள்ளிக்கூடம் சேர்ந்த கொஞ்ச நாளில், ஓ.பி.டி. கூட்டத்தில் சுடலைமுத்து மட்டும் வந்து நின்றார். வேலை நாள், வேலை நேரம். பேச்சியும் இல்லை, வள்ளியும் இல்லை. மறுபடி காய்ச்சலா, வலிப்பா?

"பேச்சி எங்கே?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப வேலை நேரத்துல இங்க என்ன?"

இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடக்கி இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தார். நகத்திலிருந்து முழங்கை வரை கருநீலமும் செம்பழுப்புமாகத் தோல் சாயம் ஏறிப்போயிருந்தது.

"பிள்ள ஆசுத்திரியில கெடந்தப்போதான் என்னையச் சாயத் தொட்டிக்கு மாத்துனாவ. அவளுக்கு இது தெரியாதுல்லா. நேத்து நான் சாப்பிடையில பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. 'எப்பா, ஒங் கை என்ன இப்படி இருக்கு? நோவுதா?'ன்னு கேட்டுட்டா. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன், சோடாப் போட்டுத் தேச்சேன், போக மாட்டேங்கு. இதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா, டாக்டரம்மா?"

இது கண் டிபார்ட்மெண்ட் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோல் டிபார்ட்மெண்டுக்கு ஒரு சீட்டு எழுதினேன். பெயர் எழுதினேன், வயது எழுதினேன். 'நோயாளியின் தொந்தரவு' என்ற இடம் வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினேன்:

'மகளுக்குக் கண் தெரிகிறது.'